விலாசம் மாறாத அச்சுப்பொறி

ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் 1713-இல் அச்சுவேலையைத் தொடங்கியதும், பின்னர் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சை அரண்மனையிலேயே தேவநாகரி அச்சுக்கூடம் கண்டதும் காவிரிப் படுகையின் பெருமைக்குரிய சரித்திரம். அன்று அச்சு வேண்டியவர் அச்சுக்கூடத்தை நாடிச் சென்றார். இன்றோ கொள்முதல் நிலையத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வேண்டிய சிட்டா, அடங்கல் நகல்களுக்காகவும், பிள்ளைகளின் பரீட்சை நுழைவுச்சீட்டுக்காகவும், கம்பியில்லா அச்சுப்பொறியைப் பலர் வீட்டுக்கே வாங்கி வந்துவிட்டார்கள். நல்ல நிலையிலுள்ள யந்திரத்தைப் பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்லும் அலைச்சலில் பெரும்பகுதி, அதன் இணைப்பு சம்பந்தமான சில சொற்களை அறிந்துகொண்டாலே நீங்கிவிடும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முதலாவதாக, வைஃபை வேறு, இணையம் வேறு. கூடத்துச் சுவரில் பச்சை விளக்கு மினுக்கும் ரூட்டர், கைபேசி, கணினி, அச்சுப்பொறி ஆகியவற்றை இணைத்து வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு வலையமைப்பை உண்டாக்குகிறது. கணினி அனுப்பும் தாள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே பயணம் செய்வதால், இணையம் அறுந்த நாளிலும் அச்சு நடக்கும். எஸ்.எஸ்.ஐ.டி. என்பது அவ்வலையமைப்பின் பெயர். கைபேசி மொபைல் டேட்டாவிலோ, விருந்தினருக்கென ஒதுக்கிய வேறு வைஃபையிலோ இருந்தால், அருகிலேயே அச்சுப்பொறி இருந்தாலும் கைபேசியின் கண்ணுக்கு அது புலப்படாது.

இந்தியாவில் 2005-இல் உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே விலை குறைந்த பல அச்சுப்பொறிகள் இயங்குகின்றன. ரூட்டரோ 5 கிகாஹெர்ட்ஸிலும் பேசுகிறது. பின்னது வேகமானதாயினும் சுவர்களைக் கடப்பதில் பலவீனமானது. முற்றமும் ரேழியும் கனத்த செங்கற்சுவர்களும் கொண்ட நம் பழைய வீடுகளில், திண்ணையறையில் வைத்த அச்சுப்பொறிக்கு 2.4 தான் ஏற்றது.

டபிள்யூ.பி.எஸ். என்பது பாஸ்வேர்ட் தட்டாமலே, ரூட்டரிலும் அச்சுப்பொறியிலும் உள்ள பொத்தான்களை இரண்டு நிமிஷத்துக்குள் அழுத்தி இணைக்கும் உபாயம். பொத்தானுக்குப் பதிலாக ரகசிய எண்ணைக் கொண்டு இணைக்கும் அதன் மற்றொரு முறையில் உள்ள பலவீனம் 2011-இல் வெளிப்பட்டுவிட்டதால், அதனை அணைத்து வைப்பதே க்ஷேமம். வைஃபை டைரக்ட், ரூட்டரே இல்லாமல் கைபேசியை நேரே அச்சுப்பொறியோடு பேசவைப்பது. டிரைவர் என்பது கணினியின் கட்டளையை அச்சுப்பொறிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்.

ஆயினும் வீடுகளில் நேரும் சங்கடங்களில் மிகுந்த மனக்கசப்பைத் தருவது விலாசத்தைப் பற்றியது. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் 192.168.1.7 என்பதுபோல ஓர் ஐபி விலாசம் உண்டு. அதனை வழங்கும் டி.எச்.சி.பி. என்னும் ஏற்பாடு, நிலத்தைக் குத்தகைக்கு விடுவதுபோல ஒரு தவணைக்கு மட்டுமே கொடுக்கிறது. தவணை தீர்ந்தால் அதே விலாசம் மற்றொரு யந்திரத்துக்குப் போகலாம். மின்சாரம் போய்த் திரும்பியதும், பல ரூட்டர்கள் தம் பதிவுகளை மறந்து, முந்தி வந்த யந்திரத்துக்கு முதல் எண்ணைக் கொடுத்துவிடுகின்றன. அச்சுப்பொறிக்கு நேற்றிருந்த 7 இன்று பையனுடைய கைபேசிக்குப் போய்விட, கணினி மட்டும் பழைய விலாசத்திலேயே தேடிக் களைத்து, ‘ஆஃப்லைன்’ என்று அறிவிக்கிறது. இதைக் கண்டு மையையும் தாளையும் சோதித்து, டிரைவரை நீக்கி மறுபடி பதிந்து, ஒரு மாலைப்பொழுதையே வீணாக்குபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. யந்திரத்தில் யாதொரு குற்றமும் இல்லை.

பரிகாரம் எளிது. அச்சுப்பொறியின் நெட்வொர்க் அறிக்கையை ஒரு தாளில் அச்சிட்டால், அதற்கேயுரிய மாறாத 12 குறிகள் கொண்ட மேக் விலாசம் அதில் தெரியும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதியில் அந்தக் குறிகளையும், தர விரும்பும் ஐபி எண்ணையும் பதிந்துவிட்டால், அந்த எண் பிறகு வேறெவருக்கும் போகாது. கணினியில் அச்சுப்பொறிக்கான போர்ட் என்னுமிடத்திலும் அதே எண்ணை எழுதிவிட்டு, அறிக்கைத் தாளைப் பொறியின் பக்கவாட்டில் ஒட்டி வைப்பது நல்லது; ரூட்டரையே மாற்ற நேரும் நாளில், ஒதுக்கீட்டை மறுபடி பதிய அத்தாள் வேண்டியிருக்கும்.