இரவு இரண்டு மணிக்கு யார் வருவார்?

முதியோர் இல்லம் ஒன்றைப் பார்வையிடச் செல்லும் ஆஸ்திகக் குடும்பத்தினர் பெரும்பாலும் மூன்று விஷயங்களை விசாரிக்கின்றனர். வளாகத்துக்குள் கோயில் உண்டா? சமையலில் வெங்காயம், பூண்டு சேர்ப்பார்களா? முன்பணம் எவ்வளவு? இவை கேட்க வேண்டியவையே. ஆயினும் அங்கே தங்கப்போகும் பெரியவரின் பகலும் இரவும் எவ்வாறு கழியும் என்பது, அவருடைய கட்டிலருகே நிற்கும் ஆயாவைப் பொறுத்தே அமைகிறது.

ஆகவே பணியாளர் கணக்கிலிருந்து தொடங்குவது நலம். "40 பேருக்கு 12 பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள்" என்று மேலாளர் பெருமையுடன் கூறலாம். மூன்று பேருக்கு ஒருவர் கிடைப்பதுபோல் தோன்றும். எட்டு மணி நேர முறைப்பணியில் ஓர் இடத்தில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டுமெனில், வாரத்துக்கு 21 முறை ஆள் தேவை. ஒருவர் வாரத்தில் 6 நாட்களே வருவார். விடுப்பையும் சேர்த்தால் ஓர் இடத்துக்கு நால்வர் வேண்டும். அதாவது 12 பேர் உள்ள இல்லத்தில் ஒரே நேரத்தில் பணியில் இருப்பவர் மூவரே. எழுந்து நிற்க இயலாத ஒருவரைத் தாங்கிக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல இருவர் தேவை. அவ்வேளையில் ஏனைய 39 பேருக்கும் மிஞ்சுபவர் ஒருவர்! இரவில் அந்த ஒருவரும் விழித்திருப்பாரா என்று கேட்பதில் தவறில்லை.

ஆயாக்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். இடது காதில் பேசினால்தான் பாட்டிக்குக் கேட்கும், திருநீறு இட்ட பின்னரே தாத்தா காபி அருந்துவார் என்பவற்றை மாதந்தோறும் மாறும் ஆட்கள் அறிய மாட்டார்கள்.

அதிகாலை நான்கு மணிக்கே அனைவரையும் நீராட்டும் இல்லங்களும் உண்டு. பிரம்ம முகூர்த்தம் என்று சொல்வார்கள். இரவுப் பணியாளர் ஆறு மணிக்குக் கிளம்புமுன் வேலையை முடிப்பதற்காகவும் அது இருக்கலாம். தாமே விரும்பி எழுபவருக்கு அது அனுஷ்டானம்; உறக்கத்திலிருந்து எழுப்பப்படுபவருக்கோ வதை. வளாகக் கோயிலுக்கு மூன்று படிகள் இருந்து, சாய்தளமும் சக்கர நாற்காலியைத் தள்ள ஆளும் இல்லையென்றால், அறைக்குள் மணியோசை மட்டுமே வந்து சேரும்.

முன்னறிவிப்பின்றி மாலை ஏழு மணிக்கு மேல் ஒருமுறை சென்று பார்ப்பது நல்லது. அழைப்பு மணியை அழுத்தினால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பார்க்கலாம். பின்னாளில் குறை நேர்ந்தால் முதியோருக்கான 14567 என்ற உதவி எண் உள்ளது.

இறுதியாக ஒப்பந்தம். முன்பணம் எப்போது, எவ்வளவு பிடித்தத்துடன் திரும்பும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். அதனினும் பெரிய கேள்வி, படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, வீட்டுக்கு அழைத்துச் செல்லச் சொல்வார்களா என்பது. அதைப் பெரியவர் எதிரில் கேட்கப் பிள்ளைகள் தயங்குவார்கள். அவர் எதிரில்தான் கேட்க வேண்டும், தங்கப்போகிறவர் அவரல்லவா?