இமயமலை நடைப்பயணம்: பங்குனியா, புரட்டாசியா?

ரெம்பாவ் – டத்தோ மலையில் ஏறி, உச்சிப் பாறையின் இரும்பு ஏணிகளையும் கடந்து வந்தவர்கள் பலருக்கு அடுத்து எழும் ஆசை நேப்பாளம். 1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் கால்பதித்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் தமிழர்கள் என்பதால், இமயமலை நம்மவர்களுக்கு எட்டாத இடமாகத் தோன்றுவதில்லை.

சிகரம் ஏறாமல் அடிவார முகாம் வரை நடந்து திரும்பவே பெரும்பாலோர் விரும்புகின்றனர். அதற்கு ஏற்ற பருவங்கள் இரண்டு. ஒன்று மார்ச் முதல் மே வரையிலான வசந்தம். மற்றொன்று செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கும் இலையுதிர் காலம். நம் கணக்கில் பங்குனி, சித்திரை ஒருபுறம். புரட்டாசி, ஐப்பசி மறுபுறம். எதைத் தேர்ந்தெடுப்பது?

*மழை எப்போது விடும்?*

நேப்பாளத்தில் பருவமழை ஜூன் நடுவில் தொடங்கி, சராசரியாக அக்டோபர் முதல் வாரத்தில்தான் விலகுகிறது. ஆகவே, "செப்டம்பர் வந்தால் வானம் தெளிந்துவிடும்" என்று நம்பிப் பயணச்சீட்டு எடுப்பது ஆபத்து. 2024 செப்டம்பர் இறுதியில் கொட்டிய மழையில் காட்மாண்டு பள்ளத்தாக்கும் சுற்று வட்டாரங்களும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் சிக்கின. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மாதத்தில் தாழ்வான காட்டுப் பாதைகளில் அட்டைக் கடியும் உண்டு.

அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. மழை தூசியைக் கழுவிவிடுவதால் சிகரங்கள் துல்லியமாகத் தெரியும். எனினும் அதுவும் முழு உத்தரவாதமல்ல. 2014 அக்டோபர் 12-இல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹூட்ஹூட் புயலின் எச்சம், இரு நாள்களில் அன்னபூர்ணா வட்டாரத்தில் பெரும் பனிப்பொழிவாக மாறியது. 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் கணவாய்ப் பகுதியில் சிக்கிய நடைப்பயணிகளும் வழிகாட்டிகளும் உட்பட 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வங்காள விரிகுடாவில் புயல் உருவானால், மேலே ஏறாமல் ஓரிரு நாள் காத்திருப்பதே அறிவு.

*வசந்தத்தின் நிறையும் குறையும்*

மார்ச், ஏப்ரலில் மலைச்சரிவுகள் நேப்பாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸ் பூத்துச் சிவந்து கிடக்கும். 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் பாதை இதற்குப் பெயர் பெற்றது. முதன்முறை செல்வோருக்கும் ஏற்றது. பகல் பொழுது நாளுக்கு நாள் நீள்வதால் இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்வோர் சிகரம் ஏறும் குழுக்களின் கூடாரங்களையும் காணலாம். இலையுதிர் காலத்தில் அந்த இடம் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கும்.

குறையும் உண்டு. ஏப்ரலில் காட்டுத்தீயால் புகைமூட்டம் ஏற்பட்டு, தாழ்வான இடங்களிலிருந்து மலைகள் மங்கலாகத் தெரியும். பிற்பகலில் மேகம் சூழ்வதும் வழக்கம். எனவே விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்க வேண்டும்.

*விடுப்பும் விழாவும்*

தோட்டத்தில் வேலை செய்வோருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது பால் குறையும். அப்போது விடுப்புக் கேட்பது எளிது. செம்பனையிலோ செப்டம்பர், அக்டோபர்தான் பெரும்பாலும் விளைச்சல் உச்சம். அந்த நேரத்தில் இரண்டு வார விடுப்பு கிடைப்பது கடினம்.

நம் நவராத்திரி சமயத்தில்தான் நேப்பாளத்தில் தசாயின் பெருவிழா. வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் சொந்த ஊருக்குத் திரும்புவர். பேருந்துகள் நிரம்பி வழியும். ஐப்பசியில் தீபாவளிக்கு வீட்டில் இருக்க வேண்டுமே என்ற எண்ணமும் நமக்கு வரும். புரட்டாசி விரதம் இருப்போர் மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை. மலைப்பாதை விடுதிகளில் அன்றாட உணவே சோறும் பருப்பும் காய்கறியும்தான்.

*பயிற்சி எங்கே?*

மார்ச் இறுதியில் செல்வோர், நெகிரி செம்பிலானில் மழை குறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் டத்தோ மலையில் பயிற்சி எடுக்கலாம். அக்டோபரில் செல்வோருக்கு ஜூன், ஜூலை பொருத்தம். ஆனால் 900 மீட்டருக்கும் குறைவான அந்த மலை கால்களுக்குத்தான் வலுவூட்டும். காற்று மெலிந்த உயரத்துக்கு உடலைப் பழக்காது. 5,364 மீட்டரிலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில், கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதியளவே கிடைக்கும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு தேவை. தலைவலியோடு தடுமாற்றமும் வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். இது இரு பருவங்களுக்கும் பொதுவான விதி.

*எது யாருக்கு?*

பெற்றோரையோ பிள்ளைகளையோ அழைத்துச் செல்வோருக்கும், முதன்முறை செல்வோருக்கும் மார்ச் இறுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பூன் ஹில் போன்ற தாழ்வான பாதைகள் நல்லது. தெளிந்த வானத்தில் சிகரங்களைக் காண்பதே நோக்கமென்றால் அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குப் பின் செல்லலாம். செப்டம்பரைத் தவிர்ப்பது நலம்.

எந்தப் பருவமானாலும் முதலில் விடுப்பை உறுதிசெய்து, பிறகு பயணச்சீட்டு வாங்க வேண்டும். ஹெலிகாப்டர் மீட்பும் செல்லும் உயரமும் அடங்கிய காப்புறுதி அவசியம். மேகம் மூடினால் லுக்லா விமானங்கள் பறப்பதில்லை. எவரெஸ்ட் பாதையில் செல்வோர் கடைசியில் இரண்டு நாள்களை மிச்சம் வைத்திருந்தால், கோலாலம்பூர் திரும்பும் விமானத்தைத் தவறவிட்டு மறுபடியும் வெள்ளியைச் செலவிட நேராது.