குழிச் சாணை பிடித்த சவரக்கத்தி
சோலிங்கன், ஜெர்மனி

பக்கவாட்டில் நின்று பாருங்கள். தடித்த முதுகிலிருந்து இறங்கும் இரு முகங்களும் உட்குழிந்து, வாய்ப்பகுதி காகிதம்போல் மெலிந்திருக்கிறது. இந்தக் குழிவுதான் இன்றைய தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாடு.

எஃகை அச்சில் அடித்து உருவாக்க இயந்திரம் போதும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது: ஒவ்வொரு கத்தியும் மயிரிழை அளவு தன் போக்கில் கோணும். இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே தடத்தில் அரைக்கும். சாணைக்காரரோ, சுழலும் இரு கற்களுக்கு நடுவே கத்தியைப் பிடித்து, எழும் ஓசையைக் கேட்டே அழுத்தத்தைக் கூட்டுவார், குறைப்பார். அளவுக்கு மீறிச் சூடேறினால் பதம் போய்விடும். அதை மீட்பது கடினம்.

தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகு கோணலென்றால் எவ்வளவு தீட்டினாலும் வாய் முழுதும் கூர் ஏறாது. மலிவு விலைக் கத்திகள் பல இங்கேதான் தோற்கின்றன. பளபளப்பில் குறையிருக்காது, முகத்தில் வைத்தால் இழுக்கும்.

1903இல் ஜில்லெட்டின் மாற்று பிளேடு விற்பனைக்கு வந்தபின் இக்கத்திக்குக் கிராக்கி படிப்படியாகக் குறைந்தது. பட்டறைகள் மூடின, தொழில் பழக வருவோரும் அருகினர். இன்று ஆர்வலர்கள் மீண்டும் கேட்கிறார்கள். ஆனால் தேர்ந்த சாணைக்காரரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும், அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு விற்பனை இல்லை.

கத்தியில் உள்ள ‘சோலிங்கன்’ முத்திரைக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. முக்கிய வேலைகள் அந்த வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் அப்பெயரைப் பொறிக்கலாம்.