வேடியப்பனும் ஒரு மேஜரும்

நடுகல் தேடி – 9

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வரும் கூட்டம் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறது. செங்கம், தண்டராம்பட்டு பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் சிலரே. அங்கே வயல் ஓரத்தில், மரத்தடியில், வில்லும் வாளுமாய்க் கல்லில் வீரர்கள் நிற்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் வேடியப்பன்; பொங்கல் வைத்துப் படைப்பார்கள். ஆய்வாளர்களுக்கு அவை மடிந்த வீரருக்கு நட்ட நடுகல். இவற்றைத் திரட்டி 1972-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே வெளியிட்டது.

எடத்தனூர்க் கல் இவற்றில் பேர்போனது. பல்லவர் காலத்தது. சண்டையில் மடிந்த கருந்தேவக்கத்தியோடு, கள்ளனைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் இருக்கிறது. அரசன் யார், எந்த ஆண்டு, எந்த ஊர், எப்படி விழுந்தான்: வாசகம் அவ்வளவுதான். அழுகையும் கிடையாது, ஆரவாரமும் கிடையாது.

செங்கம் நூல் வந்த அதே 1972-ல் சென்னையில் பயிற்சி முடித்து மகார் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார் ராமசாமி பரமேஸ்வரன். 1946-ல் பம்பாயில் பிறந்த தமிழர். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் – ஜெயவர்த்தனே ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கை போன இந்திய அமைதி காக்கும் படையில், 8-வது மகார் பட்டாலியனோடு மேஜர் பரமேஸ்வரனும் போனார். அமைதி காக்கப் போன படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது.

பழைய பௌத்தத் தூபிகளுக்குப் பேர்போன கந்தரோடை யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டில் ஆயுதம் இறங்குவதாகத் தகவல் வந்தது. தேடிவிட்டுத் திரும்பும்போது பதுங்கியிருந்த புலிகள் சுட்டார்கள். பரமேஸ்வரன் பின்பக்கமாக வளைத்துப் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் சுட்ட குண்டு மார்பில் பாய்ந்தது. அவருடைய துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டார் மேஜர். மூச்சு நிற்கும்வரை உத்தரவு கொடுத்தபடி இருந்தார். எதிர்த்தரப்பில் 5 பேர் இறந்தார்கள். 3 துப்பாக்கிகள், 2 ராக்கெட் லாஞ்சர்கள் சிக்கின. நாள் 1987 நவம்பர் 25, வயது 41.

அவருக்குக் கிடைத்த பரம்வீர் சக்ரா விருதின் குறிப்பும் இவ்வளவே சொல்கிறது. படை, நாள், விழுந்த விதம். எடத்தனூர்க் கல்லை வாசித்த மாதிரியே இருக்கிறது.

இலங்கையில் உயிர்விட்ட இந்திய வீரர்கள் ஏறக்குறைய 1,200 பேர். கொழும்புக்கு அருகே அவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு. 2023-ல் அந்தமான் தீவு ஒன்றுக்குப் பரமேஸ்வரன் பெயர் வைத்தார்கள். ஆனால், 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது வரவேற்கப் போகவில்லை, அன்றைய முதல்வர் கருணாநிதி. தமிழர்களைச் சுட்ட படை என்ற கசப்பு அப்போது தமிழ்நாட்டில் பரவியிருந்தது. சுட்டவரும் விழுந்தவரும் தமிழராய்ப் போன சண்டையை எப்படி நினைவு வைப்பது?

செங்கத்துக் கற்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. மாடு கவரப் போய் விழுந்தவனுக்கும் கல் உண்டு. மீட்கப் போய் விழுந்தவனுக்கும் உண்டு.

கந்தரோடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கோப்பாய். அங்கே புலிகள் தங்களில் இறந்தவர்களுக்கு அமைத்த துயிலும் இல்லத்தில், உடல் கிடைக்காதவர்களுக்காக நட்ட கல்லுக்கும் ‘நடுகல்’ என்றே பெயர். பின்னால் இலங்கை ராணுவம் அதை இடித்துவிட்டது. பரமேஸ்வரன் விழுந்தது நவம்பர் 25. இடிபட்ட அந்தக் கற்களை நினைத்து மக்கள் விளக்கேற்றுவது நவம்பர் 27.

(தொடரும்)