இலத்தீன் ஆலயமும் தமிழ் இல்லமும்: புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இசையும் நம்பிக்கையும்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவத் தமிழ் இலக்கிய வரலாறு பெரிதும் ஆசிரியர், நூல், பதிப்பு என்னும் மூன்றனை அடியொற்றியே எழுதப்பெற்றுள்ளது. பாடல்கள் எங்கே, எவரால், எப்பொழுதில் பாடப்பெற்றன என்னும் வினா அவ்வரலாற்றில் பின்தங்கி நிற்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன்னர்ப் புதுச்சேரி நகரின் கத்தோலிக்க ஆலயங்களில் சடங்கு மொழியாக இலத்தீன் விளங்கிய காலத்தில், நம்பிக்கையைத் தமிழில் பேணிய முதன்மைக் களம் இல்லமே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சங்கத்திற்குப் பின் தமிழ் பீடத்தை அடைந்தபோது இல்லத்தின் இசை நிலை எவ்வாறு மாறியது என்பதும் ஆராயப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: குடும்ப செபம், செபமாலை, அம்மானை, கீர்த்தனை, புலம்பல், வணக்கமாதம், புதுச்சேரி.

முன்னுரை

மாலையில் விளக்கேற்றியபின் வீட்டுப் பீடத்தின் முன் குடும்பத்தார் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வதும், இறுதியில் மாதா பாடலொன்றைப் பாடுவதும் தமிழகக் கத்தோலிக்கர் வாழ்வில் நெடுங்காலமாக நிலவும் வழக்கமாகும். இவ்வழக்கம் சமயக் கடமையாக மட்டும் நோக்கப்பெற்றமையால் இலக்கிய ஆய்வாளரின் கவனத்தை அதிகம் பெறவில்லை. தாலாட்டையும் ஒப்பாரியையும் வாய்மொழி இலக்கியமாக ஏற்று ஆராயும் தமிழாய்வு, அதே வீட்டில் அதே குரலில் எழும் செபப்பாடலைத் திருச்சபை வரலாற்றின் பொருளாக ஒதுக்கிவிடுகிறது. இப்பிரிவினை பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா. பிரெஞ்சு ஆட்சியின் தலைநகராக விளங்கிய புதுச்சேரி இவ்வினாவுக்குரிய சிறந்த களமாக அமைகிறது.

நகரும் ஆலயங்களும்

புதுச்சேரியில் ஐரோப்பியரிடையே கப்புச்சின் துறவியரும், தமிழரிடையே இயேசு சபையினரும் பணியாற்றினர். இயேசு சபை 1773இல் கலைக்கப்பெற்றபின், 1776இல் பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் இப்பணியை ஏற்றனர். 1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டம் உருவாயிற்று. மிஷன் வீதியிலுள்ள தூய அமலோற்பவ அன்னை தலைமைக்கோயிலின் இன்றைய கட்டடம் 1791இல் எழுந்தது. மக்கள் வழக்கில் அது ‘சம்பா கோயில்’ ஆகும். புனித பவுலைக் குறிக்கும் போர்த்துக்கேயப் பெயரே இவ்வாறு தமிழ்நாவில் திரிந்தது. துமாஸ் வீதியில் 1855இல் எழுந்த தேவதூதர்களின் அன்னை ஆலயம் கப்புச்சின் துறவியரின் நினைவாகக் ‘கப்ஸ் கோயில்’ எனப்பெறுகிறது. நகரை அடுத்த வில்லியனூரின் லூர்து அன்னை ஆலயம் 1877இலும், தென்புறத்துத் திரு இருதய ஆலயம் 1907இலும் நிறைவுற்றன.

ஆலயங்களின் அதிகாரப்பூர்வப் பெயர்கள் ஒருபுறமிருக்க, மக்கள் தம் நாவுக்கேற்ற பெயர்களை வழங்கினர் என்பது கருதத்தக்கது. அயல்மொழியில் வந்த சமயத்தைத் தமக்குரியதாக்கிக்கொண்ட இப்போக்கு, இசையில் இன்னும் ஆழமாகச் செயற்பட்டது.

சடங்கின் மொழியும் செபத்தின் மொழியும்

புதுச்சேரிக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1706இல் கால்கொண்ட லுத்தரன் மரபில் தொடக்கம் முதலே தமிழ் வழிபாட்டு மொழியாயிற்று. அங்கே ஆலயத்தில் பாடிய பாடலையே வீட்டிலும் பாட இயன்றது. செருமானிய மெட்டில் அமைந்த ‘பாமாலை’யும், பின்னர்த் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றிய கருநாடக இசைப் பாடல்களும் ஆலயம், இல்லம் ஆகிய இரண்டிற்கும் பொதுவாயின.

கத்தோலிக்க மரபின் நிலை வேறு. பூசையின் மொழி இலத்தீன். பாட்டுப் பூசையில் பாடகர் குழுவினர் இலத்தீனிலேயே பாடினர். பூசை வேளையில் மக்கள் தமிழ்ச் செபங்களைச் சொன்னதுண்டு. ஆயினும் அவை சடங்கின் உறுப்பாகாமல், சடங்குக்கு இணையாக ஓடிய தனிச் செபங்களாகவே நின்றன. தேர்ப்பவனி, நவநாள், சிலுவைப்பாதை போன்ற பக்தி முயற்சிகளே கோயில் வளாகத்தில் தமிழுக்கு இடமளித்தன. இத்தகைய சூழலில் நம்பிக்கையின் பொருளை உணர்ந்து, தன் மொழியில் சொல்லி, தன் மெட்டில் பாடும் வாய்ப்பை அன்றாடம் வழங்கிய இடம் வீடாயிற்று.

இல்லத்தின் இசை வடிவங்கள்

முதலாவது செபமாலை. இது பாடலன்று எனினும் ஓசை ஒழுங்குடையது. முன்சொல்பவர் மந்திரத்தின் முற்பகுதியைச் சொல்ல, ஏனையோர் பிற்பகுதியைச் சொல்கின்றனர். 53 முறை திரும்பும் அருள்நிறைந்த மந்திரமும், அதனைத் தொடரும் மன்றாட்டு மாலையும் ஒருவகை இழுவை ஓசையைப் பெற்றுவிடுகின்றன. எழுத்தறியாக் குழந்தை முதலில் மறுமொழிப் பகுதியைப் பழகுகிறது. நாளடைவில் முன்சொல்லும் தகுதியை அடைகிறது. தெம்மாங்கிலும் கும்மியிலும் காணப்பெறும் முன்பாட்டு–பின்பாட்டு முறையே இங்கும் கற்பிக்கும் கருவியாகிறது.

இரண்டாவது பெண்களின் ஆடல், பாடல் வடிவங்கள். வீரமாமுனிவர் (1680–1747) பெயரில் வழங்கும் கித்தேரியம்மாள் அம்மானை, புனிதை ஒருத்தியின் வரலாற்றை அம்மானை வடிவில் தருகிறது. அம்மானை மகளிர் கூடியிருந்து பாடும் மரபிற்குரியது. புனிதர் வரலாற்றுக்கு இவ்வடிவத்தைத் தெரிந்தமை, அப்பாடல் எக்களத்தில் பயிலவேண்டும் என ஆசிரியர் கருதினார் என்பதைக் காட்டுகிறது. 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி 3615 பாடல்களில் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்குகிறது. போர்த்திறமோ அரசுரிமையோ இல்லாத தச்சர் ஒருவர், மனைவியையும் குழந்தையையும் காத்த குடும்பத் தலைவர் என்னும் தகுதியால் காப்பியத் தலைமை பெறுகிறார். இக்காப்பியம் 1851–1853 ஆண்டுகளில் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் மூன்று பகுதிகளாக அச்சேறியது.

மூன்றாவது கீர்த்தனை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். அவருடைய சர்வசமய சமரசக் கீர்த்தனை 1878இல் வெளிவந்தது. இறைவனைப் பொதுவில் போற்றும் பாடல்களோடு, குடும்ப வாழ்விற்குரிய அறங்களையும் அந்நூல் இசைப்பாடலாக்குகிறது. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் குடும்பத்தார் அனைவரும் பல்லவியில் இணையவும், நன்கு பாட வல்லவர் சரணங்களைப் பாடவும் கீர்த்தனை வடிவம் இடந்தருகிறது. வீட்டுச் செபத்திற்கு இவ்வமைப்பு மிகப் பொருந்தியதாகும்.

நான்காவது புலம்பல். தவக்காலத்தில், சிறப்பாகப் பெரிய வெள்ளியன்று, மகனை இழந்த மரியாயின் துயரத்தைப் பாடுதல் ஒப்பாரி மரபோடு ஒட்டியது. ஈழத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) எழுதிய வியாகுலப் பிரசங்கம் இன்றளவும் தனி இராகத்தில் இசைக்கப்பெறுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தன் வீட்டுச் சாவில் அழுத குரலே வியாகுல மாதாவுக்காகவும் அழுகிறது. துக்க வீட்டில் அயலார் கூடிச் செபமாலை சொல்லும்போது இவ்விரு துயரங்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன. மறையுண்மை வாழ்வனுபவமாக மாறும் இடம் இதுவே.

பாடும் பெண்கள்: படிப்பும் உரிமையும்

வீட்டுச் செபத்தை முன்னின்று நடத்துவதில் தாய்க்கும் பாட்டிக்கும் தனியிடமுண்டு. இதற்குப் பின்புலமாகப் புதுச்சேரியின் பெண்கல்வி வரலாற்றைக் கருதலாம். 1827இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் இந்நகருக்கு வந்தனர். 1844இல் கூடிய புதுச்சேரிச் சங்கம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் கல்வியையும் வலியுறுத்தியது. அவ்வாண்டிலேயே துப்புயி அடிகள் மரியாவின் மாசற்ற இருதயப் பிரான்சிஸ்கன் கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். பெண்குழந்தைகளின் கல்வி அச்சபையின் முதன்மை நோக்கமாயிற்று. எழுத்தறிந்த பெண்ணின் கையில் செபநூலும் வணக்கமாத நூலும் சேர்ந்தபோது, வீட்டுச் செபம் நினைவாற்றலோடு வாசிப்பையும் துணைக்கொண்டது.

வணக்கமாதங்கள் வீட்டின் ஆண்டு ஒழுங்கையே வகுத்தன. மார்ச்சு சூசையப்பருக்கும், மே மாதாவுக்கும், சூன் திரு இருதயத்திற்கும், அக்டோபர் செபமாலைக்கும் உரியவை. ஒவ்வொரு நாளும் வாசகம், செபம், பாடல் என அமையும் இவ்வழிபாட்டில் பெண்ணே வாசிப்பவளாகவும் பாடத் தொடங்குபவளாகவும் விளங்க முடிந்தது. பீடத்தை அணுகும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே இருந்த காலத்தில், வீட்டுப் பீடத்தின் முன் பெண் பெற்ற இவ்வுரிமை சமூகவியல் நோக்கிலும் குறிப்பிடத்தக்கது.

சங்கத்திற்குப் பின்

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அடுத்த ஆண்டே, 1963 டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஆவணம் வெளியாயிற்று. தாய்மொழி வழிபாட்டிற்கு வழிதிறந்த அவ்வாவணம், மறைபரப்பு நாடுகளின் இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமெனவும் கூறியது. ஆட்சி மாற்றமும் வழிபாட்டு மாற்றமும் இந்நகரில் இவ்வாறு அடுத்தடுத்து நிகழ்ந்தன.

தமிழ் பீடத்தை அடைந்ததும் புதிய பாடல்கள் பெருகின. 1977இல் திருச்சியில் தோன்றிய கலைக்காவிரி போன்ற நிறுவனங்கள் தமிழிசையையும் நடனத்தையும் இறைப்பணிக்குரியவை ஆக்கின. ஒலிநாடாவும் வானொலியும் பாடல்களை வீடுதோறும் சேர்த்தன. தமிழ்க் கிறித்தவ இசைக்கு இவை பேறுகளே. எனினும் இல்லத்தின் நிலை உள்ளூர மாறியது. முன்னர் வீடு பாடியது. இப்போது வீடு கேட்கத் தொடங்கியது. பயிற்சி பெற்ற குரலும் கருவியிசையும் நிறைந்த பதிவு ஒலிக்கும்போது, சுருதி பிறழ்ந்தாலும் தயங்காது பாடிய பாட்டியின் குரல் தணிகிறது. ஆலயம் தமிழ்பேசத் தொடங்கியபின், நம்பிக்கையைத் தமிழில் காக்கும் பொறுப்பு வீட்டுக்கு மட்டுமே உரியதாக இல்லை. பொறுப்புக் குறைந்தபோது பயிற்சியும் குறைந்தது.

இதனைத் தாய்மொழி வழிபாட்டின் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. வீட்டில் பிறந்த தமிழ்ப்பாடலுக்கு ஆலயத்தில் இடம் கிடைத்தமை நீதியான செயலே. ஆனால் அவ்விடம் கிடைத்ததனால் வீட்டின் பாட்டு தேவையற்றதாகிவிட்டதெனக் கருதுவதே பிழையாகும். ஆலயப் பாடல் சபையின் நம்பிக்கையைச் சொல்கிறது. வீட்டுப் பாடல் நோய், திருமணம், பேறு, சாவு ஆகிய இவ்வீட்டின் வாழ்வில் அந்நம்பிக்கை எவ்வாறு தாங்கிற்று என்பதைச் சொல்கிறது.

இல்லம் காத்த சொற்கள்

வீட்டுச் செபம் மொழியாய்வுக்கும் அரிய சான்றாகும். வழிபாட்டுச் சீரமைப்பும், 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பும் புதிய சொல்வழக்கை நிலைபெறச் செய்தன. பூசை திருப்பலியாயிற்று, சேசு இயேசுவானார், அர்ச்சியசிஷ்டர் புனிதரானார், சம்மனசு வானதூதரானார், இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார். சிறியவர் என்னும் இலத்தீன் பொருளைத் தழுவிய சின்னப்பர், பவுல் எனப்பெற்றார்.

இம்மாற்றம் தமிழாக்க முயற்சியில் பாராட்டத்தக்கது. ஆயினும் மனனமான செபத்தை மனம் எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. அருள்நிறைந்த மந்திரத்தைப் ‘பிரியதத்த மந்திரம்’ என்று குறிப்பிட்ட பழைய வழக்கு முதியோர் நாவிலும் பழைய செபநூல்களிலும் எஞ்சியுள்ளது. போர்த்துக்கேயம், வடமொழி, பேச்சுத்தமிழ் ஆகிய மூன்று அடுக்குகளை ஒரே செபத்தில் காணமுடிகிறது. கிறித்தவம் தமிழில் வேரூன்றிய படிநிலைகளை அவ்வடுக்குகள் உணர்த்துகின்றன. 1962இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை வழங்கிய தெரிவுரிமையால் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பிரான்சில் வாழும் புதுச்சேரிக் குடும்பங்களின் செபவழக்கும் இந்நோக்கில் ஆராயத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. புதுச்சேரியில் ஆலயச் சடங்கு இலத்தீனில் நிகழ்ந்த காலத்தில் தமிழ்க் கிறித்தவ இசை இல்லத்தை முதன்மைக் களமாகக் கொண்டது. முன்பாட்டு–பின்பாட்டு, அம்மானை, கீர்த்தனை, புலம்பல் எனத் தமிழர் முன்பே அறிந்த வடிவங்களே அதற்கு உதவின. பெண்கள் இவ்விசையின் காவலராயினர். தாய்மொழி வழிபாடு வந்தபின் பாடுகளமாக இருந்த வீடு கேட்குகளமாக மாறத் தொடங்கியது.

ஆகவே கிறித்தவத் தமிழாய்வு நூற்பட்டியலோடு நின்றுவிடுதல் இயலாது. பாடலின் சொல்லோடு மெட்டு, பாடியவர், பாடிய நேரம், கற்ற வழி ஆகியனவும் பதிவுபெறவேண்டும். அச்சிட்ட செபநூலை நூலகம் காக்கும். அதனை எந்த ஓசையில், எங்கே நிறுத்தி, எவ்விடத்தில் குரல் தழுதழுக்கச் சொன்னார்கள் என்பதை முதியோர் ஒருவரின் குரலே காக்கிறது. அக்குரல் ஒலிக்கும் காலத்திலேயே செய்யவேண்டிய ஆய்வு இது.