பனியனில் எழுதும் பெயர்

கோயில் கொடைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கூடலில் ஆற்றில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களிடையே பேச்சு இப்படித்தான் கிளம்பும்.

"ஏலே, இந்தத் தடவ எல்லாரும் ஒரே மாதிரி பனியன் போடணும்லே!"

"முதுகுல ஊர்ப் பேரு இருக்கணும். பெரிய எழுத்துல!"

"சரி, எவ்வளவு ஆகும்?"

மூன்றாவதாகப் பேசியவன் கெட்டிக்காரன். ஆனால் அவனும் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டான். அது என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

கொடைக்கு மட்டுமா பனியன்? கபடிக் குழுவுக்கு ஒன்று, பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒன்று, பழைய மாணவர் கூட்டத்துக்கு ஒன்று, புதிதாகத் திறக்கும் கடையின் சிப்பந்திகளுக்கு ஒன்று. பத்துப் பேர் ஒரு காரியத்துக்காகக் கூடினால் இன்று முதல் வேலை பனியன் அடிப்பதுதான். அடித்து வந்த பிறகு, "இது எனக்கு நுழையவில்லை", "எழுத்து தப்பு", "இரண்டே துவைப்பில் உரிந்துவிட்டது" என்று மனத்தாங்கல் வருவதும் வழக்கமாகிவிட்டது. பணம் போவதோடு, நல்ல நாளும் கெட்டுப்போகிறது. இதைத் தவிர்க்க வழி இல்லையா? உண்டு.

பாயில் தொடங்கிய வழக்கம்

பெயரைச் சொல்லி ஒரு பொருளைச் செய்யச் சொல்வது நம் தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பத்தமடையைப் பாருங்கள். கோரைப் புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி நூலைப் பாவாக ஓட்டி, பட்டுத் துணி போலப் பாய் நெய்கிறார்கள். கல்யாணத்துக்குப் பாய் வேண்டுமென்றால், மணமகன் பெயரும் மணமகள் பெயரும் பாயிலேயே நெய்யப்பட்டு வரும். சொன்னபடி வர வேண்டும் என்பதற்காகப் பெயரை எழுதிக் கொடுத்து, படித்துக் காட்டச் சொல்லி, சரிபார்த்துவிட்டுத்தான் வருவார்கள். நெய்து முடித்த பாயில் எழுத்தைத் திருத்த முடியுமா?

முக்கூடலுக்கும் பெயரின் அருமை தெரியும். இந்த ஊரைத் தமிழ் நாடெங்கும் தெரியச் செய்தது பீடித் தொழில். சொக்கலால் ராம் சேட் பீடியின் பெயரைக் கேட்டவர்கள், முக்கூடலின் பெயரையும் கேட்டிருப்பார்கள். பீடிக் கட்டின்மேல் ஒட்டுகிற சின்னஞ்சிறு லேபிள்தான் சரக்குக்கு முகம். அந்த முகத்தில் ஓர் எழுத்து மாறினால் வாங்குகிறவன் போலி என்று திருப்பிக் கொடுத்துவிடுவான்.

பாய்க்கும் பீடிக் கட்டுக்கும் எடுத்துக்கொண்ட அக்கறையைப் பனியனுக்கும் எடுத்துக்கொண்டால் போதும்.

பனியன் வந்த வழி

டி-சர்ட் முதலில் உள்சட்டையாகத்தான் பிறந்தது. 1913-ல் அமெரிக்கக் கடற்படை, சீருடைக்கு உள்ளே போட்டுக்கொள்ள வெள்ளைப் பனியனைத் தன் வீரர்களுக்குக் கொடுத்தது. உள்ளே இருந்தது பிறகு வெளியே வந்தது. வெளியே வந்ததன்மேல் எழுத்தும் வந்தது. 1948-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் டூயி என்ற வேட்பாளருக்கு ஆதரவாகப் பனியனில் வாசகம் அச்சிட்டார்கள். பனியன் நன்றாகத்தான் இருந்தது, டூயிதான் தோற்றுப்போனார்!

நம் பக்கத்தில் பனியன் என்றால் திருப்பூர். 1920-களிலேயே அங்கே பின்னல் தொழில் கால் ஊன்றிவிட்டது. 1970-களின் கடைசியில் இத்தாலிக்குச் சரக்கு போகத் தொடங்கியது. இன்று உலகத்தின் பெரிய கடைகளில் எல்லாம் திருப்பூர்ச் சரக்கு தொங்குகிறது. நெல்லையில் ஆர்டர் கொடுத்தாலும் துணி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். 2020 செப்டம்பரில் "ஹிந்தி தெரியாது போடா" என்ற வாசகம் போட்ட பனியனைச் சினிமாக்காரர்கள் சிலர் அணிந்து படம் வெளியிட்டபோது, அதைப் போலவே வேண்டும் என்று திருப்பூருக்கு ஆர்டர்கள் ஓடின. ஒரு வாசகம் சில நாட்களில் பல்லாயிரம் பேர் கண்ணில் படுவதற்கு இன்று ஒரு பனியன் போதும்.

இந்தப் பெருமைக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. கழிவை வெளியே விடவே கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீரைச் சுத்தப்படுத்தி மீண்டும் பயன்படுத்துவதற்குச் செலவு உண்டு. ஆகவே, யாராவது நம்ப முடியாத விலைக்குச் சாயம் போட்ட பனியன் தருகிறேன் என்றால், எதைக் குறைத்து இந்த விலை வந்தது என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. ஆற்றங்கரையில் வாழ்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தத் துணி? எந்த அச்சு?

துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதே அது. நம் ஊர் வெயிலுக்கு 160 முதல் 180 வரை போதும். அதற்கும் வெகுவாகக் குறைந்தால் துணி கண்ணாடி போல உள்ளே காட்டும். கொடைக்கும் கூட்டத்துக்கும் பருத்தி சுகம். விளையாட்டுக்கு, சிறு துளைகள் கொண்ட பாலியஸ்டர் துணி ஏற்றது. வியர்வை சீக்கிரம் உலரும்.

அச்சில் பல வகை உண்டு. பழமையானது ஸ்கிரீன் பிரிண்டிங். 1907-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய சல்லாத் துணியில், எழுத்து வர வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு, மற்ற இடத்தை அடைத்துவிடுவார்கள். மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால், கீழே இருக்கும் பனியனில் எழுத்து விழும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். மூன்று நிறம் கேட்டால் மூன்று சட்டம் செய்ய வேண்டும். 10 பனியன் அடித்தாலும் 500 அடித்தாலும் சட்டத்தின் செலவு ஒன்றுதான். ஆகையால் எண்ணிக்கை கூடக் கூடத் தலைக்கு விலை குறையும். நிறம் கூடக் கூட விலை ஏறும். ஊர்ப் பெயரை ஒரே நிறத்தில் 100 பேருக்கு அடிக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

சப்ளிமேஷன் என்பது இரண்டாவது. சூட்டில் சாயம் ஆவியாகித் துணியின் இழைக்குள்ளேயே புகுந்துகொள்ளும். உரியாது, வெடிக்காது. ஆனால் பாலியஸ்டரில்தான் பிடிக்கும். அதுவும் வெள்ளை அல்லது வெளிறிய நிறத் துணியில். பருத்திப் பனியனில் சப்ளிமேஷன் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் வேறு எதையோ செய்யப் போகிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது, படலத்தில் அச்சிட்டுச் சூடான இயந்திரத்தில் வைத்து அழுத்தி ஒட்டுவது. டி.டி.எப். என்பார்கள். 10, 15 பனியன் போதும், பல நிறத்தில் வேண்டும் என்றால் இது வசதி. ஆளுக்கு ஓர் எண், ஆளுக்கு ஒரு பெயர் என்றால் வினைலில் வெட்டியும் ஒட்டுவார்கள். சூடும் அழுத்தமும் சரியாக இல்லாவிட்டால் ஒட்டியது ஓரத்தில் கிளம்பிவிடும். கபடிக் குழுவினர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: முன்புறம் எண் 4 அங்குலமும், பின்புறம் 6 அங்குலமும் குறையக் கூடாது என்பது ஆட்ட விதி. ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு எண்ணுக்கு இடமில்லாமல் செய்துவிடாதீர்கள்!

எந்த வகையானாலும், மொத்தமும் அடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு மாதிரிப் பனியனை வாங்குங்கள். வீட்டில் சோப்புப் போட்டு மூன்று முறை துவைத்துக் காயப் போடுங்கள். சாயம் போகிறதா, துணி சுருங்குகிறதா, எழுத்து வெடிக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

சட்டைக்குள் நுழைய வேண்டியது மனிதன்

"எனக்கு எல்., அவனுக்கு எம்." என்று வாயால் சொல்லிக் கணக்கெடுப்பதில்தான் பாதித் தகராறு பிறக்கிறது. ஒரு கம்பெனியின் எல். இன்னொரு கம்பெனியின் எம்.மாக இருக்கும். எழுத்தை நம்பாதீர்கள், அங்குலத்தை நம்புங்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்துகிற பனியன் ஒன்றைத் தரையில் விரித்து, ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை அளந்து, அதை இரட்டிக்க வேண்டும். 20 அங்குலம் என்றால் மார்பளவு 40. பருத்தியானால் துவைத்ததும் சற்றுச் சுருங்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். கடைக்காரரின் அளவுப் பட்டியலை வாங்கி ஒப்பிட்டுவிட்டு, பெயரும் அளவும் எழுதிய தாளில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் இது இன்னும் முக்கியம். வகுப்பில் மிகவும் பருத்த பையனுக்கும், மிகவும் மெலிந்த சிறுமிக்கும் அளவு கிடைக்காமல் போனால், விழா நாளன்று அந்த இரண்டு குழந்தைகள் மட்டும் ஓரமாக நிற்கும். அந்த வாட்டம் எத்தனை வருஷமானாலும் மறக்குமா? பட்டியலின் இரு கோடியில் இருப்பவர்களுக்கு முதலில் அளவெடுங்கள். நடுவில் இருப்பவர்களுக்குச் சரக்கு எப்போதும் கிடைக்கும். ஒவ்வோர் அளவிலும் ஒன்று இரண்டு கூடுதலாகச் சொல்லி வையுங்கள்.

ஒரு புள்ளியின் விலை

ஓலைச் சுவடி எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். இன்று கிழிகிற பயம் இல்லை. ஆனாலும் புள்ளி காணாமல் போகிறது! "முக்கூடல்" என்பதில் இரண்டு புள்ளிகள் உண்டு. சல்லாத் துணியில் அவை அடைபட்டுவிட்டால் "முககூடல" என்று ஊரே புதிதாகப் பிறந்துவிடும்.

கணினியிலும் ஒரு கண்டம் இருக்கிறது. நாம் கைப்பேசியில் யூனிகோடு எழுத்தில் அனுப்புவோம். அச்சகத்தில் வேறு எழுத்துரு இருக்கும். அங்கே போய்ச் சேரும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் ஓடிவிடும். ஆகவே, வாசகத்தைப் படமாகவோ பி.டி.எப். ஆகவோ அனுப்புங்கள். அச்சுக்குப் போகும் வடிவத்தைத் தாளில் எடுத்து, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். தேதி, தொலைபேசி எண் இருந்தால் இரண்டு பேர் பார்க்க வேண்டும். வடிவம் அமைத்தவர் பார்த்தால் போதாது. அவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது.

சினிமா நடிகர் படம், பெரிய விளையாட்டு அணியின் சின்னம் ஆகியவற்றை அனுமதி இல்லாமல் போடுவதும் தவறு. பிறர் சின்னம் எதற்கு? நம் ஊருக்குப் பெயர் இல்லையா?

காசு யாருடையது?

தலைக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60 பேருக்கு 15,000 ரூபாய். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? முக்கூடல் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் தாய்மார்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மகன் கேட்கிற பனியன் அந்தக் கணக்கிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை அட்வான்சாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். துணியின் கனம், நிறம், அச்சு வகை, அளவுவாரியாக எண்ணிக்கை, ஜி.எஸ்.டி. சேர்த்த விலை, கொடுக்கும் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தேதி குறியுங்கள். கொடைக்கு மறுநாள் வரும் பனியனை யார் போடுவது?

விட்டுப்போன கேள்வி

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். "எல்லாரும் ஒரே மாதிரி" என்றானே, எல்லாரும் என்றால் யார் யார்?

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பள்ளிக்கூடங்களில் சீருடை வந்தது. பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வேறுபாடு உடையில் தெரியக் கூடாது என்பதே நோக்கம். ஒரே நிறச் சட்டை மனிதர்களைச் சேர்த்து வைக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதே நிறம் பிரித்தும் வைக்கும். நம் மாவட்டத்திலேயே, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். காரணம் சாதி. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. கையில் கட்டும் ஒரு முழக் கயிற்றுக்கே அவ்வளவு விஷம் என்றால், மார்பும் முதுகும் நிறைய எழுதிக்கொண்டு போகும் பனியனுக்கு எவ்வளவு?

ஆகவே, அளவெடுக்கும் தாளை எடுத்துக்கொண்டு உட்காரும்போது முதலில் இதை எழுதுங்கள்: எந்தத் தெரு விட்டுப்போயிற்று? கொட்டு அடிக்கிறவர் பெயர் இருக்கிறதா? விழா முடிந்ததும் கூட்டிப் பெருக்குகிறவர் பெயர்? 250 ரூபாய் கொடுக்க முடியாமல் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போன பையன் பெயர்? நாலு பேர் ஆளுக்கு இருபது ரூபாய் கூடப் போட்டால் அவன் பங்கில் 80 ரூபாய் தீர்ந்தது. இன்னும் பத்துப் பேர் சேர்ந்தால் அவனுக்கும் பனியன் வந்துவிடும்.

மூன்று கூடினால் முக்கூடல். கூடிய பிறகு எது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்தப் பெயரை முதுகில் எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், பட்டியலையும் அந்தப் பெயருக்குத் தக்கபடி எழுத வேண்டும் அல்லவா?