யாருடைய எலும்பில் மானுடத்தின் நம்பிக்கை?



எந்தத் தோழரின் நினைவாக நாம் இன்று இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் மாலை வகுப்புப் பிள்ளைகளோடு எந்தக் கதையைப் படித்தாலும் ஒரு கேள்வி கேட்பார்: "இந்தக் கதையில நம்ம ஆளு எங்க இருக்கான்? என்ன வேலை செய்யறான்?" பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு தேடுவார்கள். பல்லக்குத் தூக்குகிறவன், பிணம் எரிக்கிறவன் என்று ஏதாவது ஓர் ஓரத்தில் ஒருவன் அகப்படுவான். சில கதைகளில் அவனும் இருக்கமாட்டான். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நாவலை அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

நாவலின் பெயர் 'தி மாரோ தீவ்ஸ்'. 'மஜ்ஜைத் திருடர்கள்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் செரி டிமலைன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜார்ஜியன் விரிகுடாப் பகுதியைச் சேர்ந்த மெய்ட்டி பூர்வகுடிப் பெண். 2017இல் வெளியான இந்த நாவல் அதே ஆண்டு கனடாவின் கவர்னர் ஜெனரல் விருதை இளையோர் இலக்கியப் பிரிவில் பெற்றது. பதின்ம வயதினருக்காக எழுதப்பட்டது என்பதால் இதை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்களுக்கு எழுதப்படும் பல நாவல்கள் கேட்கத் தயங்கும் கேள்வியை இது கேட்கிறது.

இளையோருக்கான டிஸ்டோபியா நாவல்கள் கடந்த இருபது ஆண்டுகளில் உலகச் சந்தையில் பெரும் இடத்தைப் பிடித்திருக்கின்றன. 2008இல் வந்த 'ஹங்கர் கேம்ஸ்', 2009இல் வந்த 'மேஸ் ரன்னர்' ஆகியவற்றைத் திரைப்படமாகவாவது உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இந்த வகை நாவல்களில் உலகம் சீரழிந்து கிடக்கும். அரசு கொடூரமாக இருக்கும். ஒரு பதின்ம வயதுப் பெண்ணோ பையனோ மானுடத்தின் கடைசி நம்பிக்கையாக எழுந்து நிற்பார். 'மானுடம்' என்ற சொல்லை இங்கே யாரும் விளக்குவதில்லை. அது எல்லோரையும் குறிக்கும் என்று வாசகர் நம்பிக்கொள்கிறார். டிமலைன் கைவைப்பது அந்த நம்பிக்கையில்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருவநிலைச் சீரழிவில் கடற்கரைகள் மூழ்கிவிட்டன. ஏரிகள் நஞ்சாகிவிட்டன. எஞ்சிய மக்களுக்கு ஒரு விசித்திரமான நோய்: கனவு காணும் திறன் போய்விட்டது. கனவில்லாத மனிதர்கள் மெல்ல மெல்லப் புத்தி பேதலித்து அழிகிறார்கள். பூர்வகுடி மக்களுக்கு மட்டும் கனவு வருகிறது. அந்தக் கனவு அவர்களின் எலும்பு மஜ்ஜையில் இருப்பதாக அரசு முடிவு செய்கிறது. ஆள்பிடிப்போர் காடு மேடெல்லாம் அலைந்து பூர்வகுடிகளைப் பிடிக்கிறார்கள். பிடிபட்டவர்கள் 'பள்ளி'க்குக் கொண்டுபோகப்பட்டு, மஜ்ஜை உறிஞ்சப்பட்டுக் கொல்லப்படுகிறார்கள்.

பிரெஞ்சி என்று அழைக்கப்படும் சிறுவனின் அண்ணன், தம்பியைக் காப்பாற்றத் தானே பிடிபடுகிறான். தனியாக ஓடிவந்த பிரெஞ்சி, மிக்வான்ஸ் என்ற நடுவயதுக்காரர் வழிநடத்தும் ஒரு சிறு கூட்டத்தோடு சேர்கிறான். அந்தக் கூட்டத்தில் ரத்த உறவு குறைவு. எல்லோரும் யாரையாவது இழந்து வந்தவர்கள். மிக்வான்ஸ் தன் கணவன் ஐசக்கைப் பள்ளிக்குப் பறிகொடுத்தவர். மினர்வா என்ற மூதாட்டிதான் அங்கே மூதாதையர் மொழி தெரிந்தவர். இவர்கள் வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறார்கள். இரவுகளில் மிக்வான்ஸ் பிள்ளைகளுக்குத் தங்கள் மக்களின் வரலாற்றைச் சொல்கிறார். வேட்டையாடக் கற்பதுபோல வரலாறு கேட்பதும் உயிர்பிழைக்கும் பயிற்சியில் ஒன்று.

நம் தோழரின் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். இந்தக் கதையில் ஒடுக்கப்பட்டவன் எங்கே இருக்கிறான்? நடுவில் இருக்கிறான். என்ன வேலை செய்கிறான்? மருந்தாக இருக்கிறான். மானுடத்தின் கடைசி நம்பிக்கை அவன்தான். ஆனால் அந்த மானுடத்தின் கணக்கில் அவன் இல்லை. நாவலின் முழு அச்சமும் இந்த முரணிலிருந்து பிறக்கிறது.

இது மிகைக் கற்பனை என்று நினைப்பவர்கள் கனடாவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 'பள்ளி' என்ற சொல்லை டிமலைன் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை கனடா அரசும் திருச்சபைகளும் சேர்ந்து பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளை நடத்தின. சுமார் ஒன்றரை லட்சம் குழந்தைகள் அவற்றுக்குள் அனுப்பப்பட்டார்கள். முடி வெட்டப்பட்டது. பெயர் மாற்றப்பட்டது. தாய்மொழி பேசினால் அடி விழுந்தது. 1907இலேயே பீட்டர் பிரைஸ் என்ற அரசு மருத்துவ அதிகாரி, இப்பள்ளிகளில் பிள்ளைகள் காசநோயால் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அரசு அசையவில்லை. பணியிலிருந்து வெளியேறிய பின் 1922இல் இதை ஒரு தேசியக் குற்றம் என்று சொல்லிச் சிறுநூலாக அவரே வெளியிட்டார்.

உடலைச் சோதனைப் பொருளாக்கியதும் நடந்தது. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் பசியோடு இருந்த பூர்வகுடிக் குழந்தைகள் மீது ஊட்டச்சத்துச் சோதனைகள் நடத்தப்பட்டன. பசி தெரிந்த பிறகும் சோறு கூட்டிக் கொடுக்கவில்லை. பசியை அளந்தார்கள். பல், ஈறு பற்றிய ஆய்வு முடிவு கெட்டுவிடக் கூடாது என்று பல் மருத்துவத்தைக்கூட நிறுத்திவைத்தார்கள். வரலாற்றாய்வாளர் இயன் மாஸ்பி 2013இல் இதை ஆவணங்களோடு வெளிக்கொண்டுவந்தார்.

2008இல் கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 6,500க்கும் மேற்பட்டவர்களின் சாட்சியங்களைக் கேட்டு, 2015இல் நடந்ததைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று அறிவித்தது. பதிவேடுகளில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவை ஆணையம் கண்டது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. செத்த குழந்தையின் பெயரை எழுதத் தேவையில்லை என்று நினைத்த கைகள்தான் வகுப்பறைக் கரும்பலகையிலும் எழுதின.

ஆகவே டிமலைன் எதிர்காலத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நடந்ததை எடுத்து முன்னால் வைத்திருக்கிறார். சுரண்டல் படிப்படியாக வளர்வதையும் அவர் சரியாகக் காட்டுகிறார். முதலில் பூர்வகுடிகளின் சடங்குகளையும் ஞானத்தையும் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வருகிறார்கள். அடுத்து, சோதனைக்குத் தன்னார்வலர்களைக் கேட்கிறார்கள். பிறகு சிறைக்கைதிகளை எடுக்கிறார்கள். அதுவும் போதாதபோது பழைய பள்ளிகளின் திட்டத்தைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். புகழ்ச்சியில் தொடங்கி வேட்டையில் முடிகிறது. சமூகவியல் மாணவர்கள் இந்த வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் புகழ்ச்சி நமக்குத் தெரியாததா? 2020 கொரோனாக் காலத்தில் தூய்மைப் பணியாளர்களை முன்களப் பணியாளர் என்றார்கள். தட்டைத் தட்டினார்கள், மாலை போட்டார்கள். நகரம் உயிரோடு இருக்க அந்த உடல்கள் தேவைப்பட்டன. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. சாக்கடைக் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது. குழிக்குள் இறங்குகிறவனின் சாதி மாறவில்லை. ஒரு சமூகம் தன் நலத்துக்கு யாருடைய உடலைச் செலவழிக்கலாம் என்று வைத்திருக்கிறது என்பதுதான் நாவலுக்கும் நமக்கும் பொதுவான கேள்வி.

ஆனால் தோழர்களே, பொதுவானதைச் சொன்ன உடனே வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். 1946இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியபோது, பிறர் போராட்டத்தைக் கற்கும் வழியைத் திறந்தார். கற்பது வேறு, அவர்களும் நாமும் ஒன்றே என்று சொல்லிவிடுவது வேறு. கனடாவில் பள்ளி என்பது குழந்தையைப் பிடித்துக்கொண்டு போன இடம். இங்கே பள்ளி நம் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்திய இடம். அதனால்தான் பள்ளி நம் போராட்டக் கோரிக்கையானது. பூலே தம்பதியர் பள்ளி திறந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடம் தந்த எழுத்தைக் கொண்டு 1855இல், மாங் சாதியில் பிறந்த முக்தா சால்வே என்ற 14 வயதுச் சிறுமி தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். அங்கே ஓர் எழுத்து ஒரு மொழியைக் கொன்றது. இங்கே எழுத்து ஒரு வாயைத் திறந்தது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் இரண்டு வரலாறுகளுக்கும் அநீதி செய்தவர்களாவோம்.

இன்னொரு சங்கடமும் எனக்கு உண்டு. கனவு எலும்பில் இருக்கிறது, ரத்த வழி வருகிறது என்ற கற்பனை நம்மை உறுத்த வேண்டும். பிறப்பிலேயே குணம் இருக்கிறது என்பதுதானே சாதியின் அடிப்படை? சாதி என்பது ரத்தப் பிரிவு, இனப் பிரிவு என்ற வாதத்தை அண்ணல் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் மறுத்தார். கனடாவிலும் யார் பூர்வகுடி என்பதை 1876இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக அரசுதான் வரையறுத்தது. பூர்வகுடிப் பெண் வெளியாளை மணந்தால் சட்டப்படி அவள் பூர்வகுடித் தகுதியை இழப்பாள் என்ற விதி 1985 வரை நீடித்தது. அப்படியிருக்க, ரத்தத்தை உயர்த்திப் பிடிக்கும் கதையை நாம் எப்படி ஏற்பது?

நாவலைக் கடைசிவரை படித்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். தன் கூட்டத்தைக் காப்பாற்ற மினர்வா பிடிபடுகிறாள். பள்ளியில் அவளை இயந்திரத்தோடு இணைக்கிறார்கள். அவள் தன் மொழியில் பாடத் தொடங்குகிறாள். இயந்திரம் தாங்கவில்லை. பள்ளியே எரிந்து போகிறது. மஜ்ஜைக்குள் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அகப்படாத வலிமை, கிழவியின் மொழியில் இருந்திருக்கிறது. மொழி பிறப்பில் வருவதில்லை. ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டுக் கற்பது. கூடாரத்தில் மினர்வாவிடம் பெண்பிள்ளைகள் ஒன்றிரண்டு சொற்களைக் கற்றதைப் பார்த்து பிரெஞ்சி பொறாமைப்பட்ட சிறு காட்சி, அப்போதுதான் நமக்குப் பெரிதாகிறது. திருடர்கள் கதையை ரத்தமாகப் படித்தார்கள். மினர்வா அதைக் கல்வியாக மாற்றிவிட்டாள்.

மினர்வா பிழைப்பதில்லை. தோழர்கள் அவளை மீட்கப் போகும்போது அவள் சுடப்பட்டுச் சாகிறாள். மக்களுக்குள்ளேயே காட்டிக்கொடுப்பவர்கள் இருப்பதையும் நாவல் மறைக்கவில்லை. கூட்டத்திலேயே சிறியவளான ரிரி அப்படிப்பட்டவர்களால்தான் சாகிறாள். அதற்குப் பழியாக பிரெஞ்சி ஒருவனைச் சுடும்போது நாம் கைதட்ட முடியவில்லை. அவன் கை நடுங்குகிறது, நமக்கும் நடுங்குகிறது. ஒடுக்கப்பட்டவரைத் தெய்வமாக்காமல் எழுதுவது அவரை மனிதராக மதிப்பதன் ஓர் அடையாளம்.

பூர்வகுடி இளைஞர்களோடு வேலை செய்தவர் டிமலைன். அவர்களிடையே தற்கொலைகள் பெருகியிருந்த சூழலில், எதிர்காலத்தில் தாங்களும் இருப்போம் என்று அவர்கள் பார்க்கும்படி ஒரு கதை வேண்டும் என்று அவர் விரும்பினார். இந்த இடத்தில் நம் இலக்கியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலித் இலக்கியம் தன்வரலாற்றில் பெரும் சாதனை செய்திருக்கிறது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, சேரியின் பேச்சு அச்சில் தலைநிமிர்ந்து நின்றது. நமக்கு நேர்ந்ததைச் சொல்ல அந்த மொழி வேண்டியிருந்தது, இன்னும் வேண்டும். ஆனால் நமக்கு இனி நேரப்போவதையும் நாம்தான் எழுத வேண்டும். தண்ணீர் வற்றிய, வெயில் கொல்லும் ஒரு தமிழகத்தில் யாருடைய தெருவுக்குக் கடைசியாகத் தண்ணீர் வண்டி வரும் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தெருவில் நிற்கும் பதினாறு வயதுப் பெண்ணின் கதையை வேறு யாரும் எழுதித் தரமாட்டார்கள். எழுதினாலும் அவளை ஓரத்தில் குடத்தோடு நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் உங்கள் ஊர் மாலை வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி, ஐம்பது ஆண்டு கழித்து நம் ஊர் எப்படி இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். பிழை திருத்த அவசரப்படாதீர்கள். எழுதி முடித்ததும் தோழர் கேட்ட கேள்வியை அவர்களிடம் கேளுங்கள்: "இந்தக் கதையில நம்ம ஆளு எங்க இருக்கான்? என்ன வேலை செய்யறான்?" அவர்கள் சொல்லும் விடைகளை அடுத்த ஆண்டு இதே நாளில், இதே மேடையில் படிப்போம்.